குடும்ப நீதிமன்ற வக்கீலாகத் தொழில் தொடங்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பார் அசோசியேஷனில் யாரிடமாவது "நான் ஃபேமிலி கோர்ட்டில் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஓ, டைவர்ஸ் கேஸா?" என்று ஒரு நமுட்டுச் சிரிப்பு வரும். கிரிமினல் பக்கம் போனவர்களுக்கு அது வராது. அந்தச் சிரிப்பைத் தாண்டி, இந்தத் துறையையே பிழைப்பாக வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தொழில் செய்யப்போகிறவர்கள்தான் மனதில் இருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுந்து நின்று முழங்குவதற்கான இடம் இதுவல்ல. இங்கே சோறு போடுவது இரண்டு வேலைகள்: பொறுமையாகக் கேட்பது, கேட்டதைத் தேதி வாரியாக எழுதுவது. இரண்டையும் சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை.

படிப்பும் பதிவும்

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு, பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. அரசு சட்டக் கல்லூரிகளுக்குத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடத்துகிறது. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்தக் கல்லூரி என்பதை உங்கள் வருங்காலக் கட்சிக்காரர் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் குடும்பச் சட்டத்தோடு சிவில் நடைமுறைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் சேர்த்து ஒழுங்காகப் படித்துவிடுங்கள். பின்னால் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

மாணவராக இருக்கும்போதே குடும்ப நீதிமன்றத்துக்குப் போய் வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தால் அது அவ்வளவு சுலபமில்லை. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984, பிரிவு 11-ன்படி விசாரணையை மூடிய அறையில் நடத்தலாம். ஒரு தரப்பு கேட்டுக்கொண்டால் நடத்தியே ஆக வேண்டும். அதனால் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் சேருங்கள், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உதவப் போங்கள். பின்னது இன்னும் நல்லது. அங்கே மனு எழுதத் தெரியாமல் வந்து நிற்பவர்களை நேரில் பார்க்கலாம்.

பட்டம் கையில் வந்ததும் பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணமாக வழக்கறிஞர்கள் சட்டம், 1961 சொல்வது 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். இதற்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் பதிவுக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. பிறகு அகில இந்திய பார் தேர்வு. நூறு கேள்விகள், குறிப்பு எழுதாத பேர் ஆக்ட் (சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள) புத்தகங்களைக் கொண்டுபோகலாம். பதிவு செய்த இரண்டு வருடத்துக்குள் தேறிவிட வேண்டும். பயப்படும்படியான தேர்வு இல்லை, ஆனால் பேர் ஆக்டை அங்கே போய்த்தான் முதன்முறை திறப்பேன் என்றால் கஷ்டம்.

சீனியரைத் தேடுவது

இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். மணவிலக்கு வழக்கு மட்டுமே பார்க்கும் அலுவலகத்தில் சேருவதைவிட, சிவில் வழக்கோடு குடும்ப வழக்கும் பார்க்கும் அலுவலகத்தில் முதல் இரண்டு வருடம் இருப்பது மேல் என்பது என் கருத்து. பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரு மணமுறிவு வழக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வீட்டுக் கடன் இருக்கும், கூட்டுப் பட்டா இருக்கும், மாமனார் பெயரில் உள்ள மனைக்கு மருமகள் கொடுத்த நகைப் பணம் இருக்கும். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றைக் கூடத் தொட்டுப் பார்க்காதவர், இதையெல்லாம் கண்டும் காணாமல் மனுவை எழுதிவிடுவார்.

உதவித்தொகை எவ்வளவு என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் கூறியது. நடைமுறையில் என்ன கிடைக்கிறது என்பது ஜூனியர்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும், முதல் நாளே பேசி வைத்துக்கொண்டால் ஆறு மாதம் கழித்து மனக்கசப்பு வராது. இன்னொரு விஷயம்: முழு நேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டே வக்கீல் தொழில் செய்ய பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. குறைந்தது ஒரு வருடத்துக்கு வீட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.

முதல் வருடம் நீங்கள் வாதிடப்போவதில்லை. காலையில் காஸ் லிஸ்ட் (அன்றைய வழக்குப் பட்டியல்) பார்ப்பது, வாய்தா வாங்குவது, பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டுவது, நகல் மனு போடுவது, ரிட்டர்ன் ஆன (குறை சொல்லித் திருப்பப்பட்ட) மனுக்களைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்வது, இவைதான் வேலை. கடைசியாகச் சொன்னதை மட்டும் குமாஸ்தாவிடம் தள்ளிவிடாதீர்கள். ரிட்டர்ன் குறிப்பில் நீதிமன்றம் கேட்டிருக்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு பாடம்.

நான் அதைப் படித்தது அவமானப்பட்டுத்தான். பரஸ்பர சம்மத மணவிலக்கு மனு ஒன்று. நானே தனியாக எழுதிய முதல் மனு. எப்போது பிரிந்தீர்கள் என்று கேட்டதற்கு "போன தீபாவளிக்கு அப்புறம்" என்றார்கள். அதையே ஒரு தேதியாக்கி எழுதிவிட்டேன். இந்து திருமணச் சட்டம் பிரிவு 13பி-ன்படி, மனு போடும் நாளுக்கு முன் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். நான் எழுதிய தேதிப்படி மூன்று வாரம் குறைந்தது. கணவர் ஓர் ஊரிலிருந்தும் மனைவி வேறோர் ஊரிலிருந்தும் லீவு போட்டு வந்து கையெழுத்திட்டிருந்தார்கள். மனு திரும்பி வந்தது. "ஏம்மா, உங்க வீட்டு காலண்டர்ல தீபாவளிக்குத் தேதியே போடலையா?" என்று மட்டும் கேட்டார் சீனியர். அன்றிலிருந்து எந்தத் தேதியையும் வாய்வார்த்தையாக வாங்குவதில்லை. டிக்கெட், வாடகை ஒப்பந்தம், பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று ஏதாவது ஒரு காகிதம் வேண்டும்.

எந்தச் சட்டத்தை முதலில் படிப்பது

இந்து திருமணச் சட்டம், 1955-இலிருந்து தொடங்குங்கள். மொத்தமாக மனப்பாடம் செய்ய வேண்டாம். சேர்ந்து வாழக் கோரும் பிரிவு 9, மணவிலக்குக் காரணங்களுக்கு 13, பரஸ்பர சம்மதத்துக்கு 13பி, திருமணமான ஓராண்டுக்குள் மணவிலக்கு மனு போடத் தடையைச் சொல்லும் 14, எந்த ஊர் நீதிமன்றம் என்பதற்கு 19, இடைக்கால ஜீவனாம்சத்துக்கு 24, நிரந்தர ஜீவனாம்சத்துக்கு 25, குழந்தைகளுக்கு 26. தினசரி வேலையில் பெரும்பகுதி இதற்குள் அடங்கும். சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கும் 7ஏ, தமிழ்நாட்டின் 1967 திருத்தத்தில் வந்த பிரிவு. அதையும் அது தொடர்பான 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் படியுங்கள்.

அடுத்து ஜீவனாம்சம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆகிவிட்டது. கணவரோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்கான, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86. பழைய வழக்குகள் பழைய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருப்பதால் இரண்டு எண்களும் நாவில் இருக்க வேண்டும். பிறகு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005. காப்பாளர்கள் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம், 1890. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம், முஸ்லிம் பெண்களுக்கான 1939-ஆம் ஆண்டுச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம், 1954 ஆகியவற்றை வழக்கு வரும்போது படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். வழக்கு வரும்போது நேரம் இருக்காது.

தீர்ப்புகளில் மூன்றை மட்டும் முதலில் முழுதாகப் படியுங்கள். மேலே அச்சிட்டிருக்கும் சுருக்கக் குறிப்பு போதாது. 13பி-யின் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்ற அமர்தீப் சிங் (2017). ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும், தொகையை மனு போட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்ற ரஜ்னேஷ் எதிர் நேஹா (2020). மீட்கவே முடியாதபடி முறிந்த திருமணத்தை உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தில் கலைக்கலாம் என்ற ஷில்பா சைலேஷ் (2023). கடைசித் தீர்ப்பைச் சொல்லி மணவிலக்கு கேட்டு நிறைய பேர் வருவார்கள். அந்த அதிகாரம் அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ளது, குடும்ப நீதிமன்றத்துக்குக் கிடையாது என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நீதிமன்றத்துக்குள்

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை அல்ல. குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் பிரிவு 13 அப்படித்தான் சொல்கிறது. வக்காலத்தோடு அனுமதி மனுவும் போட வேண்டும். வழக்கமாக அனுமதி கிடைத்துவிடும். ஆனாலும் நீதிபதி உங்களைத் தாண்டி நேராகக் கட்சிக்காரரிடமே பேசுவார். அப்போது குறுக்கே விழாதீர்கள். புதியவர்கள் அதிகம் திட்டு வாங்குவது இதற்குத்தான். சமரசத்துக்கு முயல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்று அதே சட்டத்தின் பிரிவு 9 சொல்வதால் கவுன்சலிங், மீடியேஷன் என்று சில வாய்தாக்கள் போகும். அதை வெட்டிச் சடங்கு என்று கட்சிக்காரரிடம் சொல்லும் வக்கீல்கள் உண்டு. நான் சொல்வதில்லை. மணவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பது அங்கே முடிவாகாவிட்டாலும், குழந்தை ஞாயிற்றுக்கிழமை யாரோடு இருக்கும் என்பது பல முறை அங்கேதான் முடிவாகியிருக்கிறது.

தனிக் குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊர்களில் இந்து திருமண மனுக்கள் சார்பு நீதிமன்றத்தில் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மூல மனு) என்ற எண்ணில் வரும். குடும்ப வன்முறை மனு மாஜிஸ்திரேட் முன். ஒரே குடும்பத்துக்கு மூன்று நீதிமன்றங்களில் வாய்தா இருப்பது சாதாரணம். மூன்றுக்கும் ஒரே டைரியில் குறிப்பு எழுதுங்கள். ஓரிடத்தில் சொன்னதற்கு மாறாக இன்னோரிடத்தில் எழுதிக் கொடுத்தால், குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

முதல் சந்திப்பு

ஒரு பெண் வருகிறார், கூட அண்ணனோ அம்மாவோ. கையில் துணிப்பை. உள்ளே கல்யாணப் பத்திரிகை, ஆல்பம், நகைக் கடை ரசீது, போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளின் பிரிண்ட், இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரிச் சீட்டு. கூட வந்தவர்தான் பேச ஆரம்பிப்பார்.

"மேடம், இவளை அவங்க படுத்தின பாடு இருக்கே..."

"சொல்லுங்கண்ணே. ஆனா முதல்ல தங்கச்சிகிட்ட கொஞ்ச நேரம் தனியா பேசிக்கிறேன். நீங்க வெளியில உக்காருங்க."

இது கட்டாயம். அண்ணனுக்குத் தேவை கேஸ். தங்கைக்கு என்ன தேவை என்பது அவர் வெளியே போன பிறகுதான் தெரியும். பாதி நேரம் வேறாகத்தான் இருக்கும். "நகையைத் திருப்பி வாங்கிக் கொடுத்தா போதும்" என்பார் ஒருவர். "அவரோடயே இருக்கணும், மாமியார் மட்டும் வேண்டாம்" என்பார் இன்னொருவர். ஆண்கள் வந்தாலும் இதே கதைதான். அவர்களுக்குப் பதிலாக அப்பா பேசுவார்.

முதல் அரை மணி நேரம் எழுதாதீர்கள். அழுதால் அழட்டும். பிறகு ஒரு முழுத்தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் நடந்தது, ஓரத்தில் அதற்கு என்ன சாட்சி என்று சின்னதாக. பெண் பார்த்த நாள், திருமணம், எந்த வீட்டில் எத்தனை மாதம், குழந்தை பிறந்தது, முதல் சண்டை, பிறந்த வீட்டுக்கு வந்த நாள், யார் யார் பேசி அனுப்பிவைத்தார்கள், கடைசியாகப் பிரிந்தது. "அடிப்பார்" என்று சொன்னால் விடாதீர்கள். என்றைக்கு, எந்த அறையில், யார் பார்த்தார்கள், மருந்து வாங்கினார்களா? கேட்கச் சங்கடமாக இருக்கும். நீங்கள் இப்போது கேட்காததை எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் வைத்துக் கேட்பார்.

அந்தத் தாளை அவரிடமே படித்துக் காட்டி, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். உடனே வக்காலத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே அடிபட்டு வந்தவர், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர், குழந்தையைப் பறிகொடுத்தவர் ஆகியோருக்கு இந்த ஒரு வாரம் பொருந்தாது. அவர்களுக்காக அன்று மாலையே மனு தயாராக வேண்டும்.

மனு எழுதுவது

கொடுமை என்ற காரணத்தில் மணவிலக்கு மனு எழுதும்போது நாற்பது பக்கம் வரும். ஜூனியராக இருக்கும்போது அதுதான் பெருமை. பத்துப் பக்கத்துக்குள் முடிக்கப் பழகுங்கள். நிரூபிக்க முடிந்த ஆறு சம்பவங்கள், நிரூபிக்க முடியாத முப்பது சம்பவங்களைவிடக் கனம். நடத்தை சரியில்லை என்று கட்சிக்காரர் எழுதச் சொன்னார் என்பதற்காக ஆதாரமில்லாமல் எழுதிவிட்டால், நிரூபிக்காத அந்தக் குற்றச்சாட்டே உங்கள் கட்சிக்காரர் செய்த கொடுமையாக எதிர்ப்பக்கம் திரும்பும். இந்த வழக்குக் கட்டுகளைக் குழந்தை வளர்ந்த பிறகு படிக்க நேரலாம் என்பதையும் கட்சிக்காரரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன். சிலர் இரண்டு பத்தியை அடிக்கச் சொல்வார்கள்.

வாட்ஸ்அப் உரையாடல், ஆடியோ எல்லாம் இப்போது எல்லா வழக்கிலும் உண்டு. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63 கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் வெறும் பிரிண்ட்டை நம்பாதீர்கள். போனை மாற்ற வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கணவன் மனைவி பேசியதை ரகசியமாகப் பதிவு செய்ததை மணவிலக்கு வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. அதற்காக, போய்ப் பதிவு செய்து வாருங்கள் என்று நீங்கள் யோசனை சொல்லத் தொடங்காதீர்கள்.

உத்தரவு வந்த பிறகு

புதியவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். ஜீவனாம்ச உத்தரவு வாங்கியதும் பைலைக் கட்டி வைத்துவிடுவார்கள். பணம் வராது. பிரிவு 144-ன் கீழ் வந்த உத்தரவில், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் வாரண்ட் கேட்டு மனு போட அந்தத் தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம். அது தாண்டினால் இந்த வழியில் வசூலிக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டைரியில் சிவப்பு மையில் குறித்துவையுங்கள். உத்தரவை நிறைவேற்றக் கேட்கும் இந்த மனுக்களை யாரும் விரும்பிச் செய்வதில்லை. அதனாலேயே, அதைச் செய்கிற ஜூனியரைத் தேடிக் கட்சிக்காரர்கள் வருவார்கள்.

குழந்தையைப் பார்க்கும் உரிமை கேட்கும்போது "மாதம் இருமுறை" என்று எழுதி விட்டுவிடாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எங்கே ஒப்படைப்பது, யார் கூட்டிவருவது, காய்ச்சல் என்றால் மாற்று நாள் எது, பள்ளி விடுமுறையில் எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். நீதிமன்றக் குழந்தைகள் அறையில் ஒரு அப்பா பொம்மைக் கார் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பதினோரு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். உத்தரவில் நேரம் இல்லை. அம்மா வந்தது மூன்றரைக்கு. அவர் உத்தரவை மீறவில்லை.

பணமும் ஒழுங்கும்

கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: மனு தாக்கல், இடைக்கால மனுக்கள், சாட்சி விசாரணை, வாதம். ஜீவனாம்சத் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுங்கள். பரஸ்பர சம்மத வழக்கில் இரண்டு பேருக்கும் நீங்களே ஆஜராகலாமே என்பார்கள், செலவு மிச்சம். நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். பாதியில் ஒருவர் மனம் மாறினால் (13பி-யில் தீர்ப்பு வரும் வரை மாறலாம்) நீங்கள் யார் பக்கமும் நிற்க முடியாது.

வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்ற விதி 36 இன்னும் அப்படியேதான் இருக்கிறது. "ஒரே மாதத்தில் விவாகரத்து" என்று ரீல்ஸ் போடுபவர்களைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள். சட்டத்தை விளக்கிப் பேசுவது வேறு, போன் நம்பரோடு ஆள் பிடிப்பது வேறு.

தொழில் பெருக

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் சேர விண்ணப்பியுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987, பிரிவு 12-ன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஆகவே அங்கே குடும்ப வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. பணம் சொற்பம். ஆனால் முழு விசாரணை ஒன்றை நீங்களே நடத்தும் வாய்ப்பு வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் வராது. சில வருடம் கழித்து நாற்பது மணி நேர மீடியேஷன் பயிற்சி முடியுங்கள். நாட்டிலேயே முதன்முதலாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. வெளிநாட்டில் வாழும் தம்பதிகளின் வழக்குகள் இன்னொரு கிளை. அதற்கு, வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே எப்போது செல்லும் என்று சொல்லும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 13-உம் 1991-இன் நரசிம்ம ராவ் தீர்ப்பும் அத்துப்படியாக இருக்க வேண்டும்.

கடைசியாக போன் விஷயம். இந்தக் கட்சிக்காரர்கள் இரவு பதினொன்றரைக்குக் கூப்பிடுவார்கள், "அவர் ஸ்டேட்டஸ் மாத்திட்டார் மேடம்" என்று. தொழிலுக்குத் தனி சிம் வாங்குங்கள். எத்தனை மணிக்கு மேல் எடுக்க மாட்டீர்கள் என்பதை வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அடிதடி, ஆபத்து என்றால் 181 மகளிர் உதவி எண்ணுக்கோ 112-க்கோ முதலில் அழைக்கச் சொல்லி, அந்த இரண்டு எண்களையும் உங்கள் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள்.